நன்றி சொன்னால் போதுமா?

போன கோடையில் என் தங்கை மகள் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தாள். எதிர் வீட்டு மாமி காபித் தம்ளரைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்து விட்டார்.

"ஏம்மா, அங்கே உனக்கு என்ன உத்தியோகம்?"

"யுனிவர்சிடியிலே, மாமி."

"புரொபஸரா?"

"இல்லை."

"படிக்கிறியா?"

"அதுவும் இல்லை."

"பின்னே, ஆபீஸ் கிளார்க்கா?"

பெண் என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தாள். எனக்கே பதில் தெரிந்தால்தானே!

மாமி போன பிறகு, கீரை ஆய்ந்து கொண்டே விசாரித்தேன். இதய நோய் பற்றி டாக்டர்கள் ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஆயிரக்கணக்கில் ஸ்கான் படங்கள். அத்தனையையும் கண்ணால் பார்த்து அளந்து முடியாது. அளக்கிற கம்ப்யூட்டர் புரோகிராமை இவள் எழுதுகிறாள். அதோடு போச்சா? நோயாளிகளின் பெயர் வெளியே தெரியாமல் நீக்க வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியில் 3-4 என்று தேதி போட்டிருந்தால் அது ஏப்ரல் மூன்றா, மார்ச் நாலா என்று கண்டுபிடிக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து வேறொருவர் அதே கணக்கைப் போட்டாலும் அதே விடை வர வேண்டும். "இதிலே ஒரு தப்பு நேர்ந்தா, டாக்டர்களோட முடிவே தப்பாயிடும் பெரியம்மா" என்றாள்.

அப்படிப்பட்ட வேலைக்கு அவள் முன்பிருந்த இடத்தில் என்ன மரியாதை தெரியுமா? மூன்று வருஷக் கான்ட்ராக்ட். ஆராய்ச்சிக்கு வந்த மானியம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. கட்டுரை அச்சானால் டாக்டர்கள் பெயர் தலைப்பின் கீழே. இவள் பெயர் கடைசிப் பக்கத்தில், 'உதவிக்கு நன்றி' என்று. கல்யாண விருந்தில் சமையற்கட்டில் வெந்தவளுக்குக் கடைசிப் பந்தியில் இலை போடுகிற மாதிரி! பதவி உயர்வுக்கோ, எத்தனை கட்டுரை எழுதினாய் என்றுதான் எண்ணுவார்களாம். இவள் எழுதுவது புரோகிராம். எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

"வேலை நிரந்தரமாகட்டும்னு குழந்தையை ரெண்டு தடவை தள்ளிப் போட்டோம், பெரியம்மா."

கீரைக் கட்டு என் கையிலேயே நின்று விட்டது. கல்யாணமாகி ஆறு வருஷம். நாங்கள் இங்கே என்னென்னவோ நினைத்துக் கோயில் கோயிலாக வேண்டிக் கொண்டிருந்தோம்.

இது இன்று நேற்று வந்த வழக்கமில்லை என்று அவள்தான் ஒரு கதை சொன்னாள். வில்லியமினா ஃபிளெமிங் என்ற ஸ்காட்லாந்துப் பெண் 1878-ல் கணவருடன் அமெரிக்கா போனார். கர்ப்பமாக இருக்கும்போதே கணவர் கை விட்டு விட்டார். ஹார்வர்ட் வானாராய்ச்சி நிலைய டைரக்டர் பிக்கரிங்கின் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்து, பிறகு 1881-ல் அந்த நிலையத்திலேயே வேலைக்கு அமர்ந்தார். கண்ணாடித் தகடுகளில் பதிந்த நட்சத்திர ஒளியைப் பார்த்து வகை பிரிக்கும் வேலை. இப்படிக் கணக்கிடும் பெண்களுக்கு அப்போது பெயரே 'கம்ப்யூட்டர்'தான்! கூலி மணிக்கு 25 செண்ட். 1890-ல் வெளியான அட்டவணையில் 10,351 நட்சத்திரங்கள். பெரும்பாலும் ஃபிளெமிங் வகை பிரித்தவை. புத்தகமோ பிக்கரிங் பெயரில். 1888-ல் எடுத்த ஒரு தகட்டில் குதிரைத் தலை போன்ற இருண்ட மேகத்தைக் கண்டதும் இந்த அம்மாள்தான். அதுவும் பட்டியலில் பிக்கரிங் பேரிலேயே ஏறியது.

1899-ல் தான் அவருக்கு 'வானியல் புகைப்படங்களின் காப்பாளர்' என்று ஒரு பதவிப் பெயர் கிடைத்தது. அடுத்த வருஷம் டயரியில் தன் மனக்குறையை எழுதியிருக்கிறார்: தனக்கு ஆண்டுக்கு 1,500 டாலர், ஆண் உதவியாளர்களில் சிலருக்கு 2,500. வீட்டையும் நடத்தி, மகனையும் படிக்க வைக்க வேண்டுமே!

பதவிக்குப் பெயர் வந்து என்ன பிரயோஜனம் என்று நானும் கேட்டேன். "பேரே இல்லைன்னா எந்தப் பேரிலே விளம்பரம் கொடுப்பா? எந்தப் படியிலே ஏத்துவா?" என்று மடக்கினாள். வாஸ்தவம்தான்.

2012-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய ஒரு கூட்டத்தில் இவர்களைப் போன்றவர்களே உட்கார்ந்து யோசித்து, 'ரிஸர்ச் ஸாப்ட்வேர் இன்ஜினியர்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிக் கொண்டார்கள். அடுத்த வருஷம் சங்கம். 2019-ல் அது முறையாகப் பதிவான அமைப்பு. லண்டன் யுனிவர்சிடி காலேஜில் 2012-லேயே ஒரு நல்ல ஏற்பாடு தொடங்கியது. ஒவ்வொரு புரொபஸரும் தன் மானியத்தில் தனித்தனியே ஆள் வைப்பதற்குப் பதில், இவர்களை ஒரு குழுவாகக் கல்லூரியே வைத்துக் கொள்கிறது. ஆராய்ச்சிகளுக்குக் குழுவிலிருந்து ஆள் அனுப்பி, மானியத்திலிருந்து கூலியை வாங்கிக் கொள்கிறது. ஓர் ஆராய்ச்சி முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம், வேலை போகாது. பல யுனிவர்சிடிகளில் இப்போது இப்படிக் குழுக்கள் இருக்கின்றன. கட்டுரையில் யார் எதைச் செய்தார் என்று குறிக்க 14 வகைப் பங்குகள் கொண்ட ஒரு பட்டியலையும் பல பத்திரிகைகள் பின்பற்றுகின்றன. அதில் புரோகிராம் எழுதுவதும் உண்டு, தகவலைப் பேணுவதும் உண்டு.

எல்லாம் சரியாகி விட்டதா? எங்கே! இன்னும் எத்தனையோ இடங்களில் இரண்டு படி ஏறினால் ஏணி முடிந்து விடுகிறதாம். மேலே போக வேண்டுமானால் புரோகிராமை விட்டுவிட்டு ஆட்களை மேய்க்கப் போக வேண்டும். கைத்தொழில் தெரிந்தவளை அதிலிருந்தே பிடுங்குவது என்ன நியாயமோ, எனக்குப் புரியவில்லை.

என் தங்கை மகளுக்கு அப்படி ஒரு குழுவில் நிரந்தர வேலை கிடைத்துச் சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது. "இவ்வளவு நல்ல பேரை வெச்சுண்டு மாமியிடம் ஏன் முழிச்சே?" என்றேன்.

"பழக்க தோஷம், பெரியம்மா."

சாயங்காலம் மாமி தம்ளரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். இந்தத் தடவை பெண் கணீரென்று, "ரிஸர்ச் ஸாப்ட்வேர் இன்ஜினியர், மாமி" என்றாள். மாமி இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக் கொண்டார்.

"இன்ஜினியர்னு முதல்லேயே சொல்லப்படாதோ!" என்று கோபித்துக் கொண்டவர், அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எத்தனாவது மாசம்?" என்று அடுத்த கேள்விக்குப் போய் விட்டார்.