திருமால்குன்ற வழி (சிலப்பதிகாரம்)

திருமால்குன்ற வழி என்பது உறையூரிலிருந்து மதுரைக்குச் செல்லச் சிலப்பதிகாரம் கூறும் மூன்று வழிகளுள் ஒன்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் நடந்து வரும்போது இவ்வழி அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அவர்களோ அதில் செல்லவில்லை. மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கி.மீ. தொலைவில், அழகர்கோவிலை அடிவாரத்தில் கொண்ட அழகர்மலையே இத்திருமால்குன்றம். மதுரைக் காண்டத்தின் முதற்பகுதியான காடுகாண் காதையில் இச்செய்தி வருகிறது.

மூன்று வழிகள்

வழி சொல்பவன் குடமலை நாட்டு மாங்காட்டைச் சேர்ந்த மறையவன். கடுங்கோடையில் இளம்பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்பட்டிருக்கிறீர்களே என்று முதலில் இரங்குகிறான். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகத் திரிந்த காலம் அது. கொடும்பை நெடுங்குளக் கரையை அடைந்தால், சிவபெருமானின் சூலம்போல் பாதை மூன்றாகப் பிரியும் என்கிறான். கொடும்பை என்பது புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர்.

வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டிச் செல்வது. இடப்பக்க வழி வயல்களையும் காட்டையும் கடந்து திருமால்குன்றம் சேர்வது. மூன்றாவது இவற்றுக்கு இடைப்பட்டது. சிறுமலை மேற்கிலும் அழகர்மலை கிழக்கிலும் இருப்பதால் இவ்வருணனை நிலத்தோடு நன்கு பொருந்துகிறது. இரு மலைகளுக்கும் நடுவே வரும் இன்றைய நத்தம்–மதுரைச் சாலையில் பயணம் செய்பவர்கள் இடைவழியை எளிதில் கற்பனை செய்து கொள்ளலாம்.

பிலமும் பொய்கைகளும்

மறையவன் மிக விரிவாகப் பேசுவது திருமால்குன்றத்தைப் பற்றித்தான். அங்கே ஒரு பிலம், அதாவது குகை, உண்டு. அதனுள் மூன்று பொய்கைகள். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் இந்திரனின் ஐந்திர இலக்கண அறிவு கிட்டும். பவகாரணியில் மூழ்கினால் முற்பிறப்பு விளங்கும். இட்டசித்தியில் மூழ்கினால் நினைத்தது கைகூடும். ஆனால் உள்ளே போவது எளிதன்று. திருமாலை எண்ணி மலையை மும்முறை வலம்வர வேண்டும். பிறகு சிலம்பாற்றின் கரையில், பூத்த கோங்க மரத்தின்கீழ் வரோத்தமை என்னும் தெய்வப்பெண் தோன்றி, இம்மையின்பம் எது, மறுமையின்பம் எது, அழியாத பொருள் எது என்று கேட்பாள். விடை சொன்னவர்க்கே கதவு திறக்கும்.

அச்சிலம்பாறே இன்று நூபுர கங்கை எனப்படுகிறது. நூபுரம் என்றாலும் சிலம்புதான். சிலம்பை விற்கச் சென்றவர்கள் சிலம்பின் பெயர்கொண்ட ஆற்றைப் பாராமலே போயினர் என்பது கதையில் கவனிக்கத்தக்கது.

கவுந்தியின் மறுப்பும் இடைவழியும்

சமணத் துறவியான கவுந்தியடிகள் பிலத்திற்குப் போகத் தேவையில்லை என்று மறுத்துவிடுகிறார். ஐந்திரத்தை அருகனின் ஆகமத்தில் காணலாம். முன்வினையை இப்பிறவியிலேயே காணலாம். கொல்லாமையும் வாய்மையும் உடையார்க்குக் கிடைக்காத பொருள் எது என்பது அவர் வாதம். வைணவ மலை ஒன்றின் பெருமையையும் அதற்குச் சமண மறுப்பையும் அடுத்தடுத்து வைத்து, எதையும் குறைக்காமல் இருவரையும் பேசவிடுகிறார் இளங்கோவடிகள்.

மூவரும் இடைவழியில் சென்றனர். அவ்வழியில் கானுறை தெய்வம் ஒன்று குறுக்கிடும் என மறையவன் முன்பே எச்சரித்திருந்தான். நடந்து களைத்த பெண்கள் இருவரையும் இருத்திவிட்டுக் கோவலன் தண்ணீருக்காக ஒரு பொய்கைக்குச் செல்கிறான். அங்கே அத்தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் வந்து, மாதவி தன்னை வெறுத்துவிட்டாள் என்று காலில் விழுந்து அழுகிறது. கோவலன் மறையவனின் சொல்லை நினைவுகூர்ந்து, கலைமானை ஊர்தியாகக் கொண்ட கொற்றவையின் மந்திரத்தைச் சொல்ல, தெய்வம் தன்னை வெளிப்படுத்தி, இதைக் கண்ணகியிடமும் கவுந்தியிடமும் கூறாதே என வேண்டிக்கொண்டு நீங்குகிறது. அவன் தாமரை இலையில் நீர் கொண்டுவந்து கண்ணகியின் தளர்ச்சியைத் தீர்க்கிறான்.

கண்ணகி ஏறிய மலை

கணவனோடு கிழக்கு வாயிலில் புகுந்த கண்ணகி, மதுரை எரிந்தபின் மேற்கு வாயிலில் தனியே வெளியேறினாள். இரவு பகல் பாராமல், மேடு பள்ளம் பாராமல் வையைக் கரையோடு நடந்து நெடுவேள் குன்றத்தில் ஏறினாள். பதினான்காம் நாள் அங்கு வேங்கை மரநிழலில் கோவலன் வானூர்தியில் வந்து அவளை உடன் அழைத்துச் சென்றதைக் குன்றக்குறவர் கண்டனர் என்கிறது காப்பியம்.

இக்குன்றத்தைத் தேடிக் கண்ணகியின் பாதையில் பல ஆண்டுகள் நடந்தவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். தேனி மாவட்டம் கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள மங்கலதேவி கோட்டமே அந்த இடம் என்று அவர் 1963-இல் கண்டறிந்தார். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் மக்கள் அங்கு அனுமதிக்கப்படுகின்றனர். தமிழகப் பக்கம் பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்துதான் ஏற வேண்டும். குமுளி வழியாக வருவோருக்கு ஜீப் உண்டு.