ஒசூருக்கு மெட்ரோ வருமா? கி.மீ.க்கு 300 கோடி எங்கே, 10 கோடி எங்கே!

காலை 8 மணிக்கு ஒசூரில் கிளம்பி அத்திப்பள்ளி டோல்கேட்டில் சிக்கியவர்களுக்குத் தெரியும். பெங்களூரு வெறும் 40 கி.மீ.தான். ஆனா எப்போ போய்ச் சேருவோம்னு சொல்லவே முடியாது.

2025 ஆகஸ்ட் 10-ல் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. ‘அப்படியே ஒசூர் வரை இழுத்தா என்ன?’ என்ற பழைய கேள்வி மறுபடி சூடு பிடித்தது.

சிக்கல் எங்கே?

பொம்மசந்திரா - ஒசூர் தூரம் சுமார் 23 கி.மீ. முதல்கட்ட மதிப்பீடு சுமார் 6,900 கோடி ரூபாய். பணம் மட்டும்தான் பிரச்னையான்னா, இல்லை. பெங்களூரு மெட்ரோ, தண்டவாளத்தை ஒட்டிப் போகும் மூன்றாவது கம்பியிலிருந்து 750 வோல்ட் டி.சி. மின்சாரம் எடுக்கிறது. சென்னை மெட்ரோ நிறுவனம் ஒசூருக்கு யோசித்ததோ, தலைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் ஏ.சி. அங்கே ஓடும் ரயில் இங்கே ஓடாது. தொழில்நுட்ப ரீதியாக இது சரிவராது என பெங்களூரு மெட்ரோ நிறுவனம் 2025-லேயே சொல்லிவிட்டது. பொம்மசந்திராவில் இறங்கி வேறு ரயில் மாறலாம்தான். ஷிஃப்டுக்கு ஓடுறவங்களுக்கு அதுவும் ஒரு தாமதம்.

ஏற்கெனவே இருக்கும் பாதை

ஒசூர் வழியாக சேலம் போகும் ரயில் பாதை பல காலமாக ஒற்றைப் பாதை. எதிரே ஒரு ரயில் வந்தால், இன்னொன்று ஸ்டேஷனில் காத்துக் கிடக்கணும். கோவை - பெங்களூரு வந்தே பாரத் இதே வழியில்தான் ஓடுகிறது. ரயில் எவ்வளவு வேகமானது என்றாலும் ‘கிராஸிங்’ விட்டுவைக்காது.

அதனால்தான் பையப்பனஹள்ளி - ஒசூர் 48 கி.மீ. இரட்டைப் பாதைத் திட்டம் முக்கியம். மதிப்பீடு சுமார் 499 கோடி, அதாவது கி.மீ.க்கு 10 கோடி சொச்சம். மெட்ரோவுக்கு 300 கோடி. மும்பை - அகமதாபாத் புல்லட் ரயிலுக்கே ஆரம்ப மதிப்பீட்டில் 213 கோடிதான்!

ஒரு குறையும் உண்டு. இந்தப் பாதை எலெக்ட்ரானிக் சிட்டிக்குள் போகாது. ஹீலலிகேயில் இறங்கி பஸ் பிடிக்கணும். பெங்களூரு புறநகர் ரயில் திட்டத்தின் ஒரு தடமும் அந்த ஹீலலிகேயோடு நின்றுவிடுகிறது. அதை ஒசூர் வரை நீட்டினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்தக் கணக்கெல்லாம் ஒசூருக்குத்தான். மாவட்டத் தலைநகர் கிருஷ்ணகிரியில் இரட்டிப்பாக்க ஒரு தண்டவாளம்கூட இல்லை. திருப்பத்தூரிலிருந்து வந்த குறுகிய ரயில் பாதையையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள்.