மீட்டர் கண்ணாடியும் கரிசல் தூசியும்

கோவில்பட்டியிலிருந்து சாயங்காலம் நாகலாபுரம் திரும்பும்போது வெயில் முதுகுப் பக்கமா வந்து மீட்டர் மேல விழும். அப்பத்தான் தெரியும், காலையில் துடைச்ச லட்சணம். வளையம் வளையமா அழுக்குத் தீற்றல். முள் எந்த எண்ணில் நிக்குதுன்னே தெரியாது.

பாதிக் காரணம் நம்ம மண்ணு. கரிசலில் இருக்கும் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் தண்ணியை உறிஞ்சி உப்பும். தூசி மேல ஈரத்துணியை நேரா வச்சா குழம்பாகி இழுபடும். சரின்னு காஞ்ச துணியால் தேய்ச்சா, கூட இருக்கிற மணல் கீறும். கண்ணாடின்னு சொல்றோமே தவிர அது அக்ரிலிக்கோ பாலிகார்பனேட்டோதான், லேசில் கீறல் விழுற பிளாஸ்டிக். பனியன் துணியால் நான் போட்ட கீறல் இன்னும் என் வண்டியில் இருக்கு. தேய்க்கத் தேய்க்க நிலைமின்சாரம் ஏறி, தூசியைத் திரும்ப இழுக்கவும் செய்யும்.

அதனால வண்டியை நிழலில் நிறுத்தி, முதல்ல மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி விடுங்க. பிறகு மைக்ரோஃபைபர் துணியை நனைச்சு, ஒட்டப் பிழிஞ்சு, அழுத்தாமல் ஒரே திசையில் ஒரு இழுப்பு. துணியை மடிச்சு மாத்தி அடுத்தது. உடனே காஞ்ச மைக்ரோஃபைபரால் ஒத்தி எடுக்கணும். போர் உப்புத்தண்ணி காஞ்சா வெள்ளை பூக்கும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் நல்லது. அம்மோனியா கலந்த ஸ்ப்ரேயும் ஸ்பிரிட்டும் வேண்டாம், அக்ரிலிக்கில் நூலிழை வெடிப்பு விடும். டேஷ்போர்டு பாலிஷ் தொட்ட துணியும் ஆகாது. அந்த சிலிகான் எண்ணெய் துடைக்கத் துடைக்கப் பரவும்.

வாட்டர் வாஷுக்கு விட்டால், "தம்பி, மீட்டரை மட்டும் தொடாதப்பா"ன்னு இப்பல்லாம் முன்னாடியே சொல்லிடுறேன்.