குடும்பப் படங்களை எங்கே வைப்பது?

தாத்தாவின் கடைசிப் படம், தங்கையின் காதுகுத்து, ஊர்த் திருவிழா எல்லாம் இன்று கைப்பேசிக்குள் இருக்கின்றன. தேவாரத்திலிருந்து ஏலத்தோட்டத்திற்கு ஜீப்பில் போகும் வழியில் அந்தக் கைப்பேசி ஓடையில் விழுந்துவிட்டால் என்ன ஆகும்? படங்களை வேறோர் இடத்திலும் வைத்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, வீட்டுச் சேமிப்புப் பெட்டி. இதை 'நாஸ்' என்பார்கள். இதனுள் பெரும்பாலும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் இருக்கும். நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டின் மீது, படம் காந்தப் புள்ளிகளாகப் பதிவாகிறது. ஒரே படத்தை இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதும்படி அமைத்துக்கொள்ளலாம். அப்போது ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். வீட்டு வைஃபை மூலம் எல்லோரும் படங்களைப் பார்க்கலாம். மாதக் கட்டணம் இல்லை. ஆனால் மின்செலவு உண்டு. பெட்டிக்கு 20 வாட் தேவை என்று கொள்வோம். 20 × 24 = 480 வாட்-மணி; அதாவது நாளுக்கு ஏறத்தாழ அரை யூனிட்.

இரண்டாவது வழி கிளவுட், அதாவது 'மேகம்'. பெயர்தான் மேகம், உண்மையில் அது எங்கோ தரையில் நிற்கும், கணினிகள் நிறைந்த பெரிய கட்டடம். படம் இணையம் வழியாக அங்கே போகிறது. போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கிடுவோம். படம் ஒன்றுக்கு 4 மெகாபைட் என்றால், 5,000 படங்கள் 20,000 மெகாபைட். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே 1,60,000 மெகாபிட். இணையம் நொடிக்கு 5 மெகாபிட் அனுப்பினால் 32,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 9 மணி நேரம். அலைவரிசை மங்கும் மலைச்சரிவில் இன்னும் கூடும்.

எது பாதுகாப்பானது? பெட்டியின் இரு டிஸ்க்குகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இடி மின்னல், திருட்டு, தீ இரண்டையும் சேர்த்தே தாக்கும். தவறுதலாகப் படத்தை அழித்தால் இரண்டிலும் அழியும். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் புதைந்தன. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். உயிருக்கு முன் படம் சிறிய பொருள்தான். ஆனால் எஞ்சியவர்களுக்கு, போனவர்களின் முகத்தைக் காட்ட அதுதானே உண்டு! வீட்டோடு போகாத ஒரு படி வெளியே இருக்க வேண்டும் என்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

அப்படியானால் கிளவுட் மட்டும் போதுமா? போதாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கணினிக் கட்டடம் எரிந்தது. வேறிடத்தில் படி வைக்காத வாடிக்கையாளர் பலர் தகவல்களை இழந்தனர். விதிகளும் மாறும். கூகுள் போட்டோஸ் தந்துவந்த அளவில்லா இலவச இடம் 2021 ஜூன் 1 முதல் நின்றது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகள் நீக்கப்படலாம் என்று 2023இல் கூகுள் அறிவித்தது. தாத்தாவின் கணக்கை யாராவது திறந்து பார்க்கிறார்களா?

ஆகவே 'எது நல்லது?' என்பதைவிட 'எத்தனை இடத்தில் இருக்கிறது?' என்பதே சரியான கேள்வி. இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வீட்டுக்கு வெளியே. சில ஆயிரம் படங்களே உள்ள வீட்டுக்கு நாஸ் பெட்டி தேவையில்லை. கைப்பேசியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று போதும். கிளவுடுக்குப் பணம் கட்ட முடியாதவர்கள், இன்னொரு டிஸ்க்கில் படியெடுத்து வேற்றூரில் உள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம். வீடியோக்கள் மலைபோலக் குவிந்த வீட்டுக்கே பெட்டி பயன்படும். அங்கும் வெளியே ஒரு படி வேண்டும்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டில் மிக அருமையான பத்துப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை இடங்களில் உள்ளது என்று எழுதுங்கள். பிறகு கைப்பேசியைத் தொடாமல் அவற்றைத் திறந்து பாருங்கள். திறக்கும் படிதான் உண்மையான படி.