ஸ்ரீரங்கம் ஒன்று, எழுத்துக்கோவை இரண்டு

திருச்சி வட்டாரக் கல்வெட்டுக் குறிப்புகளை ஊர்வாரியாக எண்ணுவதற்கு ஒரு சின்ன ஜாவா நிரல் வைத்திருக்கிறேன். உறையூர், லால்குடி, திருவானைக்கோவில், ஸ்ரீரங்கம் எல்லாம் அதில் ஒரு எனம், அதாவது மதிப்புகளின் மூடிய பட்டியல். ஜாவாவில் அந்தப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். குறிப்புகளோ பல பேர் பல கீபோர்டில் தட்டியவை. அதில் வரும் ஊர்ப்பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வேல்யூஆஃப்-ஐ நேரே கூப்பிட்டால், பெயர் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். கடைசியில் ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் எக்ஸப்ஷன்தான். அதைப் பிடித்து 'மற்றவை' என்று தள்ளிவிடுவது பலருடைய வழக்கம். எனக்கு அது ஆகாது. நிரல் ஓடிவிடும், கணக்கு மட்டும் சத்தமில்லாமல் குறையும். சி ஷார்ப்பின் டிரைபார்ஸ் வேறு ரகம்: பட்டியலில் இல்லாத "999"-ஐக் கொடுத்தாலும் 'சரி' என்று தலையாட்டும். இஸ்டிஃபைன்ட் வைத்துத் தனியாகக் கேட்கணும்.

இப்போ நம்ம ஊர்ச் சிக்கலுக்கு வருவோம். 'ஸ்ரீ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பழைய வழக்கம் 'ஸ'வில் தொடங்கும், யூனிகோட் எண் 3000. இன்னொன்று 'ஶ'வில் தொடங்கும், எண் 2998. இந்த எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 2005-இல். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 'ஸ்ரீரங்கம்' என்பதன் நீளமும் இரண்டிலும் 10 குறிகள். ஆனால் ஈக்வல்ஸ் 'இல்லை' என்றுதான் சொல்லும். என்எஃப்சி நார்மலைசேஷன் கைகொடுக்குமா? திருவானைக்கோவிலின் 'கோ'வில் ஓகாரத்தை இரண்டு துண்டாகத் தட்டியிருந்தால் அது ஒட்டிவிடும். ஶ-வை ஸ ஆக்காது. இரண்டும் வேறு வேறு எழுத்தாச்சே!

'ஸ்ரீரங்க' என்று தொடங்கினால் போதும் என்று விடவும் முடியாது. கர்நாடகத்து ஸ்ரீரங்கப்பட்டணமும் காவிரியோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும்.

நான் செய்வது இதுதான். ஓரத்து ஸ்பேஸை வெட்டி, என்எஃப்சி செய்து, 'ஶ்ரீ'யை 'ஸ்ரீ'யாக மாற்றுகிறேன். அந்தச் சாவியை முன்கூட்டியே கட்டிவைத்த ஒரு மேப்பில் தேடுகிறேன். மேப்பின் சாவிகளும் இதே சலவை ஆனவை. திருவரங்கம் என்ற பெயரும் அதே மதிப்புக்குத்தான் போகும். கிடைக்காவிட்டால் காலி ஆப்ஷனல் திரும்பும். மூலச்சரம் வரி எண்ணோடு ஒரு தனிக் கோப்பில் விழும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24-ஆம் தொகுதி முழுக்க ஸ்ரீரங்கம் கோயில்தான். அந்த ஊர்ப்பெயரே பொருந்தாமல் போனால் என் அட்டவணையில் மிச்சம் என்ன இருக்கும்? அதனால் முதலில் அந்தத் தனிக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கைப் பக்கம் போகிறேன்.