அம்மம்மாவின்ர சேலை ஏன் நிறம் மாறினது?

இந்தக் கிழமை எபிசோடில் நேரம் காணாமல் விட்டுப்போன கதை இது.

அம்மம்மாவின்ர 31ஆம் நாள் நினைவு மலரை வடிவமைக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. வீட்டில "கம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளை" நான்தானே. அட்டைக்கு, கிளிப்பச்சைப் பட்டுச்சேலையோட அவ சிரிக்கிற போன் படம். 150 பிரதி வந்து சேர்ந்தது. சேலை வாடின இலை நிறம், முகம் இருட்டு. அம்மா அட்டையைத் தடவிப் பார்த்திட்டு, "இது அம்மாவின்ர சேலை இல்லையே" எண்டா.

பிழை அச்சகத்தில் இல்லை. என்ர செட்டிங்ஸில்தான், அதுவும் மூன்று இடத்தில்.

முதலாவது, திரை ஒளியால் நிறம் காட்டுது: சிவப்பு, பச்சை, நீலம். தாளில் இருப்பது மை: சயன், மஜென்டா, மஞ்சள், கறுப்பு. மை ஒளியை விழுங்கும். அதனால் மின்னுகிற கிளிப்பச்சை இந்த நாலு மையில் முழுசா வராது. கிட்டடி நிறம்தான் வரும். அதை முதலே பார்க்காமல் அனுப்பிட்டன்.

இரண்டாவது, கலர் புரொபைல். 1996இல் எச்பியும் மைக்ரோசொப்டும் உருவாக்கின எஸ்ஆர்ஜிபிதான் இன்றைக்கும் பொது அளவுகோல். ஆனால் 2016இல் வந்த ஐபோன் 7 தொடக்கம் ஐபோன்கள் அதைவிட அகலமான டிஸ்பிளே பி3யில் படம் எடுக்குது. நான் எக்ஸ்போர்ட் பண்ணேக்க புரொபைலை இணைக்கேல்ல. மற்றப் பக்கத்து மென்பொருள் எஸ்ஆர்ஜிபி எண்டு நினைச்சு வாசிக்க, நிறம் இன்னும் மங்கிப்போச்சு.

மூன்றாவது, திரை வெளிச்சத்தை முழுசா வைச்சுக்கொண்டு, படம் கூட வெளிச்சம் எண்டு நானே இருட்டாக்கிட்டன்.

நீங்கள் செய்யவேண்டியது:

• பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைச்சு, திரை வெளிச்சத்தை அந்த அளவுக்குக் குறையுங்கோ.
• அச்சகத்திட்ட ஐசிசி புரொபைல் கேளுங்கோ. அதைப் போட்டு சொப்ட் ப்ரூவ் பார்த்தால், தாளில் வரப்போகிற நிறம் திரையிலேயே கிட்டத்தட்டத் தெரியும்.
• எக்ஸ்போர்ட் பண்ணேக்க புரொபைலை இணையுங்கோ.
• வீட்டுப் பிரிண்டர் எண்டால் சரியான தாள் வகையைத் தெரியுங்கோ. மை அளவே அதால் மாறும். நிறத்தைக் கையாளுறது ஒண்டில் மென்பொருள், இல்லாட்டி பிரிண்டர். ரெண்டும் வேண்டாம்.
• முதல் ஒரு பிரதி. பிறகு 150.

அட்டையை மட்டும் திரும்ப அடிச்சம். கிளிப்பச்சை முழுசா வரேல்ல. ஆனால் முகம் அவவின்ர முகமா இருந்தது. அம்மா ஒண்டும் சொல்லேல்ல. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டுபோய் சாமிப்படத்துக்குப் பக்கத்தில வைச்சா.

அடுத்த கிழமை சந்திப்பம்!