செயின் சாவுக்குக் கூடுதல் வேகம்: ஆதாயமும் விலையும்

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த சமயநல்லூரிலும் அதைச் சூழ்ந்த வைகைச் சமவெளியிலும் மரம் அறுப்பது ஊரோடும் வயலோடும் சேர்ந்த தொழிலாகும். கண்மாய்களிலும் தரிசு நிலங்களிலும் அடர்ந்துவிட்ட சீமைக் கருவேலத்தை வெட்டி அகற்றுவதும், காய்ப்பு ஓய்ந்த தென்னையைச் சாய்ப்பதும், காற்றில் விழுந்த வேம்பையும் புளியையும் துண்டு போடுவதும் அதன் வழக்கமான வேலைகள். 1877இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படும் சீமைக் கருவேலத்தை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் பிறப்பித்த உத்தரவும், அதே ஆண்டில் அப்பணிக்கு விதிக்கப்பட்ட இடைக்காலத் தடையும் இம்மரத்தைத் தமிழகம் முழுவதும் பேசுபொருளாக்கின. கோடரியும் இருவர் இழுக்கும் ரம்பமும் செய்துவந்த வேலையைப் பெட்ரோலில் ஓடும் செயின் சா பெருமளவு ஏற்றுக்கொண்டுவிட்ட நிலையில், காய்ந்து இறுகிய கருவேல மரத்தில் இயந்திரம் திணறும்போது அதன் உள்ளுறுப்புகளைத் திருத்திக் கூடுதல் ஆற்றல் பெறலாம் என்ற எண்ணம் பயன்படுத்துவோருக்கு எழுவது இயல்பே. அத்தகைய திருத்தம் உண்மையில் பலன் தரக்கூடியது. ஆனால் அந்தப் பலன், தயாரிப்பாளர் வெப்பத்துக்கும் தேய்மானத்துக்கும் ஈடாக ஒதுக்கிவைத்த இடைவெளியிலிருந்து எடுக்கப்படுவதால், அதற்கு இயந்திரத்தின் ஆயுளும் சில வேளைகளில் பயன்படுத்துவோரின் பாதுகாப்பும் விலையாகின்றன.

ஒரு சுற்றுக்கு ஒரு வெடிப்பு

செயின் சாவில் பெரும்பாலும் பொருத்தப்படுவது டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சு இயந்திரமாகும். பிஸ்டன் ஒருமுறை மேலே செல்வது ஒரு வீச்சு, கீழே வருவது மற்றொரு வீச்சு என்று கொண்டால், நான்கு வீச்சு இயந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிகழும் எரிதல் இங்கு ஒவ்வொரு சுற்றிலும் நிகழ்கிறது; சிறிய, எடை குறைந்த இயந்திரத்திலிருந்து மிகுந்த ஆற்றல் கிடைப்பதற்கு இதுவே காரணம். வால்வுகளுக்குப் பதிலாகச் சிலிண்டர்ச் சுவரில் துளைகள் வெட்டப்பட்டிருக்கின்றன; மெக்கானிக்குகள் இவற்றைப் போர்ட் என்பர். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை கிராங்க்கேஸ் என்னும் அடியறைக்குள் நுழைவது உறிஞ்சுவாய். அங்கிருந்து அது பிஸ்டனுக்கு மேலே ஏறுவது கடத்துவாய். எரிந்த புகை வெளியேறுவது புகைவாய். மேலும் கீழும் செல்லும் பிஸ்டனே இவற்றைத் திறந்தும் மூடியும் வேலை செய்கிறது. கலவை அடியறை வழியாகச் செல்வதால்தான் அங்குள்ள பேரிங்குகளுக்கு உயவு தரும் 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டியிருக்கிறது.

நிமிடத்துக்கு 9,000 சுற்று ஓடும் இயந்திரத்தில் ஒரு நொடிக்கு 150 எரிதல்கள் நிகழ்கின்றன. ஒரு முழுச் சுற்றுக்குக் கிடைப்பது 6.7 மில்லி நொடி மட்டுமே. புகைவாய் சுற்றின் 360 பாகையில் 150 பாகை அளவு திறந்திருக்கிறது என்றால், பழைய புகை வெளியேறிப் புதிய கலவை நிறைவதற்கு ஏறத்தாழ 2.8 மில்லி நொடிதான் உண்டு. இந்தக் குறுகிய நேரத்துக்குள் எவ்வளவு கலவையை உள்ளே நிறுத்திவைக்க முடிகிறது என்பதே இயந்திரத்தின் ஆற்றலைத் தீர்மானிக்கிறது; துளைகளின் உயரம், அகலம், வடிவம் ஆகியவற்றை மாற்றும் போர்ட்டிங் என்ற கலை முழுவதும் இந்த நேரக் கணக்கைச் சுற்றியே அமைந்தது.

ஷோபாவ் முதல் ஆர்.எக்ஸ். 100 வரை

இக்கலையின் தாயகங்களுள் முதன்மையானது ஜெர்மனியின் ஷோபாவ் நகரம். புதிய கலவையைச் சிலிண்டருக்குள் வளையமாகச் சுழலவிட்டுப் பழைய புகையை வெளியே தள்ளும் முறையை அடால்ஃப் ஷ்னூர்லே 1920களில் உருவாக்க, அந்நகரில் இயங்கிய டி.கே.டபிள்யூ. நிறுவனம் அதைத் தன் மோட்டார் சைக்கிள்களில் பயன்படுத்தியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் பகுதியாகிவிட்ட அதே நகரில், எம்.இசட். நிறுவனத்தின் பொறியாளர் வால்டர் காடன், புகைக்குழாயை விரிந்து சுருங்கும் கூம்பாக வடிவமைத்தார். அக்குழாயில் எதிரொலித்துத் திரும்பும் அழுத்த அலை, வெளியே நழுவ முயலும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுவதால், 1961இல் அவருடைய 125 சி.சி. பந்தய இயந்திரம் 25 குதிரைத்திறனை எட்டியது. அந்த ஆண்டு அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் அணியைவிட்டு வெளியேறிச் சுசூகி நிறுவனத்தில் சேர்ந்ததைத் தொடர்ந்து அந்த நுட்பம் ஜப்பானைச் சென்றடைந்தது.

தமிழகம் இந்த அறிவைப் பெற்றது மோட்டார் சைக்கிள் வழியாகத்தான். 1985இல் இந்தியச் சந்தைக்கு வந்து 1996 வரை தயாரிக்கப்பட்ட யமஹா ஆர்.எக்ஸ். 100, 98 சி.சி. அளவில் 11 குதிரைத்திறன் தந்தது; சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களும், பின்னர் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் இரு வீச்சு இயந்திரத்தைத் திருத்தும் திறமைக்குக் களமாக அமைந்தன. போர்ட்டைப் பெரிதாக்குதல், சிலிண்டர் ஹெட்டைக் கடைசலில் சீவுதல், சைலன்சரை மாற்றுதல், கார்புரேட்டரின் ஜெட்டைப் பெரிதாக்குதல் ஆகியவை லேத் பட்டறைகளில் அறிந்த வேலைகளாயின. செயின் சாவைத் திருத்த முனைவோர் பெரும்பாலும் இந்த மரபிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகள் சிறியவை அல்ல.

திருத்தங்களும் அவற்றின் விளைவும்

செய்யப்படும் திருத்தங்களுள் எளியது சைலன்சரின் வாயைப் பெரிதாக்குவது. செயின் சாவின் சைலன்சர், கையடக்கமான இயந்திரத்தில் காடனின் நீண்ட கூம்புக் குழாய்க்கு இடமில்லாததால், சிறு பெட்டியாகவே அமைகிறது; ஒலியையும் புகையையும் கட்டுப்படுத்துவதற்காக அதன் வாய் மிகக் குறுகலாக வைக்கப்பட்டிருக்கும். வாயை அகலப்படுத்தினால் புகை எளிதில் வெளியேறி இயந்திரம் சற்று வேகம் கொள்ளும். அதற்கேற்ப உள்ளே நுழையும் காற்றும் மிகுவதால், கார்புரேட்டரில் முழு வேகத்துக்குரிய திருகைத் திறந்து பெட்ரோலைக் கூட்டாவிட்டால் கலவை வறண்டு, சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகும்.

அடுத்தது போர்ட்டிங். புகைவாயின் மேல்விளிம்பை உயர்த்தினால் அது முன்னதாகத் திறந்து, அதிவேகத்தில் புகை வெளியேற நேரம் கூடுகிறது. அதே சமயம் எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் தொலைவு குறைவதால், சுற்று குறையும்போது கிடைக்கும் இழுவிசை தளர்கிறது. பந்தயத்தில் கியரை மாற்றி இயந்திரத்தை எப்போதும் அதிவேகத்தில் வைத்திருக்க முடியும். கியர் இல்லாத செயின் சாவோ தடித்த கட்டையில் அழுந்தியதும் சுற்று சரிவதால், ஆற்றல் தேவைப்படும் அந்தத் தருணத்திலேயே தளர்ந்துவிடும். சிலிண்டரின் அடிப்பக்கத்தைக் கடைந்து அதை இறக்குவது அழுத்தத்தைக் கூட்டும் மற்றொரு முறை. இதில் எல்லா வாய்களும் சேர்ந்து கீழிறங்குவதால் புகைவாயும் கடத்துவாயும் தாமதமாகத் திறக்க, உறிஞ்சுவாயோ கூடுதல் நேரம் திறந்திருக்கும். ஒன்றைத் திருத்த மற்ற இரண்டையும் மீண்டும் கணக்கிட வேண்டிய நிலை இவ்வாறு உண்டாகிறது. பிஸ்டன் உச்சிக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையே குறைந்தது அரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி எஞ்ச வேண்டும் என்பதால், பிளக் துளை வழியே மெல்லிய சால்டர் கம்பியை நுழைத்து, இயந்திரத்தைக் கையால் சுழற்றி, நசுங்கிய முனையை அளந்து பார்ப்பது வழக்கம்.

மோட்டார் சைக்கிள் பட்டறையின் பழக்கம் பெரிதும் ஏமாற்றுவது சிலிண்டரின் உட்சுவரில்தான். ஆர்.எக்ஸ். 100இன் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்புக் குழல் உள்ளதால், தேய்ந்தாலோ கீறல் விழுந்தாலோ ரீபோர் செய்து பெரிய பிஸ்டனைப் பொருத்திவிடலாம். தரமான செயின் சாக்களில் எடையைக் குறைப்பதற்காக அலுமினியச் சுவரின்மீது குரோமியம் அல்லது நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு மட்டுமே இருக்கும். மயிரிழை தடிமனுள்ள இப்பூச்சைப் போர்ட்டின் ஓரத்தில் கல் கொண்டு தேய்க்கும்போது அது பெயர்ந்துவிட்டால், சிலிண்டரை ரீபோர் செய்ய இயலாது, மாற்றத்தான் வேண்டும். போர்ட்டை அளவு மீறி அகலப்படுத்தினாலோ, விளிம்பைச் சரிவாக இழைக்காமல் கூர்மையாக விட்டாலோ, பிஸ்டன் ரிங் அங்கே சிக்கி உடையும்.

வெயிலும் எத்தனாலும்

மோட்டார் சைக்கிளின் இயந்திரம் ஓடும்போது எதிர்க்காற்றால் குளிர்கிறது. செயின் சாவோ நின்ற இடத்தில் முழு வேகத்தில் உழைத்து, தன் ஃப்ளைவீலின் இறக்கைகள் தள்ளும் காற்றையே நம்பியிருக்கிறது. மதுரைச் சமவெளியில் கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை எட்டும். அந்தக் காற்று, 20 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. ஆகவே சித்திரை மாத நண்பகலில் திருகி அமைத்த கார்புரேட்டர், மார்கழிக் காலையின் அடர்ந்த காற்றில் வறண்ட கலவையையே கொடுக்கும். திருத்தப்படாத இயந்திரம் இந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். எல்லைவரை இழுத்துவைக்கப்பட்ட இயந்திரத்தில் பிஸ்டன் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும் சீஸ் என்னும் நிலைக்கு அதுவே போதும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2023 முதல் இந்தியப் பெட்ரோல் பங்க்குகளில் படிப்படியாகப் பரவிய இ20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் உள்ளது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரைத் தொடாமல் விட்டால் கலவை ஏறத்தாழ 8 விழுக்காடு வறண்டதாகிறது; எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதோடு, எரிபொருள் குழாயையும் கார்புரேட்டரின் மெல்லிய டயாஃப்ரத்தையும் நாளடைவில் கெடுக்கவும் கூடும். பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் 10 விழுக்காட்டு எத்தனாலையே உச்ச எல்லையாகக் குறிப்பிடுகின்றன. பாதுகாப்புக்காக ஆயிலை மிகையாக ஊற்றுவதும் தீர்வாகாது. 50:1 என்ற அளவில் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 40:1இல் 25 மில்லி என்பதைத் தாண்டிக் கூட்டினால், ஜெட் வழியே செல்லும் கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்து வறட்சி மேலும் மிகும்.

அறுப்பது பல்லே

ஆற்றலைக் கூட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி, இருக்கும் ஆற்றல் மரத்தைச் சென்றடைகிறதா என்பது. ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1929இல் உருவாக்கிய பெட்ரோல் செயின் சா, 46 கிலோ எடையில் 6 குதிரைத்திறன் கொண்டது. இன்று 70 சி.சி. அளவுள்ள இயந்திரம் 6, 7 கிலோ எடையில் 5 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. இடைப்பட்ட காலத்தில் மரமறுப்பின் வேகத்தை உயர்த்தியதில் இயந்திரத்துக்கு இணையான பங்கு சங்கிலியின் பல்லுக்கும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைத் துளைத்துண்ணும் வண்டின் புழு இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைக் கவனித்து, அதே அமைப்பில் வளைந்த பல் கொண்ட சங்கிலியை உருவாக்கி 1947இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சங்கிலிகள் அந்த அமைப்பின் வழிவந்தவையே.

எடுத்துக்காட்டாக, ஒரு கட்டையை 30 நொடியில் அறுக்கும் இயந்திரத்தின் ஆற்றலைப் பத்து விழுக்காடு கூட்டினால் மிச்சமாவது மூன்று நொடிக்குள்தான். பல் மழுங்கியிருந்தால் அதே கட்டை பல மடங்கு நேரம் எடுக்கும். கூர்மையான பல் சீவல்களை உதிர்க்கும், மழுங்கிய பல் மாவுபோன்ற தூளைக் கொட்டும். கண்மாய்க் கருவேலத்தின் அடிமரத்தில் ஒட்டிய மண், சில நொடிகளிலேயே பல்லை மழுக்கிவிடும். சங்கிலியின் அளவுக்கேற்ற வட்ட அரத்தை, அதாவது 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரத்தைக் கொண்டு, கையேடு சொல்லும் கோணத்தில் ஒவ்வொரு பல்லையும் சமமாகத் தீட்ட வேண்டும். பல்லின் முன்னுள்ள ஆழக்கட்டுப்பாட்டு மேட்டை, பல்லின் விளிம்பைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக வைப்பது வழக்கம்; அதை மேலும் தேய்த்தால் பல் ஆழமாகக் கடிக்கும், ஆனால் கைப்பிடி எகிறும் ஆபத்தும் கூடும்.

வேகத்தைக் கூட்டுவோர் மறக்கக்கூடாத கணக்கும் ஒன்று உண்டு. ஏழு பல் சக்கரமும் முக்கால் அங்குல இடைவெளியில் அமைந்த இணைப்புகளும் கொண்ட சங்கிலி, 9,000 சுற்றில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகம் 25 மீட்டராகும்போது, இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வதால் அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். சங்கிலி சுற்றி ஓடும் அலகின் மேல்முனை கட்டையில் மோதி இயந்திரம் பின்னோக்கித் துள்ளும்போது கையும் முகமும் சந்திப்பது இந்தக் கூடுதல் ஆற்றலைத்தான். சைலன்சரின் தீப்பொறித் தடுப்பு வலையைக் கழற்றிவிடுவது காய்ந்த புல் நிறைந்த தரிசுகளில் தீவிபத்துக்கு வழிவகுக்கும்; ஒலியும் மிகும். அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் அளவுகோலின்படி, 100 டெசிபல் ஒலியைக் காதுக்காப்பின்றி நாளொன்றுக்குக் கால்மணி நேரமே கேட்கலாம். செயின் சா சைலன்சரைத் தொடாத நிலையிலேயே அந்த அளவைத் தாண்டிவிடும்.

ஆகவே வரிசைமுறை முக்கியம். சங்கிலியைத் தீட்டி, அலகின் காடியைச் சுத்தம் செய்து, ஏர் ஃபில்டரைக் கழுவி, சைலன்சர் வலையில் படிந்த கரியை அகற்றி, கலவையைச் சரியாக அளந்து ஊற்றிய பிறகும் இயந்திரம் திணறினால், அழுத்தமானியைப் பிளக் துளையில் பொருத்திச் சோதிக்கலாம். சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டை ஒட்டிய அழுத்தம் பொதுவாக நலமான நிலையைக் காட்டும், மிகக் குறைந்தால் தேவைப்படுவது புதிய ரிங்கே. இவை அனைத்தும் சரியாக இருந்தும் ஆற்றல் போதாத தடித்த மரமென்றால், 50 சி.சி. இயந்திரத்தைத் திருத்துவதைவிட 70 சி.சி. இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது மலிவு. போர்ட்டிங்கும் கடைசலும், இயந்திரம் கெட்டாலும் பாடமாகக் கொள்ளக்கூடிய பந்தயக்காரருக்கும், மாற்றுச் சிலிண்டரின் விலையைத் தாங்கவல்ல ஆர்வலருக்கும் உரியவை. அன்றாடக் கூலியை ஈட்டித்தர வேண்டிய இயந்திரத்தில் அவற்றைச் செய்வது இழப்பைத் தேடிக்கொள்வதாகும்.